சக இறையியல் மாணவரின் பிரசங்கத்துக்குக் கருத்துச் சொல்வது எப்படி? முழுமையான வழிகாட்டி

பிரசங்கப் பயிற்சி வகுப்பில் ஒரு மாணவர் பேசி முடித்ததும் ஆசிரியர் மற்றவர்களைப் பார்த்து, "என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்பார். சற்று நேரம் யாரும் வாய் திறப்பதில்லை. பிறகு ஒருவர் எழுந்து, "செய்தி ஆசீர்வாதமாக இருந்தது, அண்ணன். இன்னும் கொஞ்சம் சத்தமாகப் பேசியிருக்கலாம்" என்பார். அடுத்தவரும் ஏறக்குறைய அதையே சொல்லிவிட்டு உட்காருவார். ஒரு வாரம் உட்கார்ந்து தயாரித்தவருக்குக் கிடைத்தது 'சத்தம்' என்ற ஒற்றைச் சொல். உண்மையான விமர்சனம் அரைமணி நேரம் கழித்து, விடுதிச் சாப்பாட்டு அறையில், அவர் இல்லாத மேசையில் நடக்கும். அங்கே எல்லோருக்கும் நன்றாகப் பேச வருகிறது.

சாப்பாட்டு மேசையில் பேசுவதை அவர் முகத்துக்கு நேரே, அவருக்குப் பயன்படும்படி சொல்லப் பழகுவதற்குத்தான் இந்த வழிகாட்டி. நல்ல கருத்தையும் வெறும் அபிப்பிராயத்தையும் பிரிப்பது ஒன்றே ஒன்று என்று நினைக்கிறேன்: சொல்பவர் கையில் அந்தப் பிரசங்கத்தின் சொற்கள் இருக்கின்றனவா? இருந்தால் பிரசங்கத்தைப் பற்றிப் பேசலாம். இல்லாவிட்டால் பேச்சு தானாகவே ஆளைப் பற்றியதாகிவிடும்.

1. கேட்பதற்கு முன்: வேதபகுதி, சபை, வேண்டுகோள்

முதல் நாளே வேதபகுதி எது என்று கேட்டு வாங்கி, நீங்களும் ஒரு முறை நிதானமாக வாசித்துவிடுங்கள். இதைப் பெரும்பாலோர் செய்வதில்லை. வாசிக்காமல் போய் உட்கார்ந்தால் குரல், கை அசைவு, நேரம் ஆகிய மூன்றைப் பற்றி மட்டுமே உங்களால் பேச முடியும். பிரசங்கம் வேதபகுதிக்கு உண்மையாக இருந்ததா என்ற முதல் கேள்வி உங்களுக்குத் தோன்றவே தோன்றாது.

அடுத்து, இந்தப் பிரசங்கம் எந்தச் சபைக்கு என்று கேளுங்கள். வகுப்பறையில் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லோரும் இறையியல் மாணவர்கள். ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் உட்காரப்போகிறவர்கள் வேறு. மதுரை அரசரடியில் 1969இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு இறையியல் கல்லூரி போன்ற இடங்களில் பாடமே தமிழில் நடக்கிறது. வேறு பல கல்லூரிகளில் வகுப்பு ஆங்கிலத்தில், பிரசங்கம் தமிழில். அங்கே படித்தவரின் பிரசங்கத்தில் வகுப்புக் குறிப்பேட்டின் வாசனை வீசும். "இறுதியியல் நோக்கிலான மீட்புச் செயல்பாடு" என்று அவர் சொல்லும்போது நீங்கள் தலையாட்டிவிடுவீர்கள். கிராமத்து ஆலயத்தில் முன்வரிசையில் உட்காரும் பாட்டி தலையாட்டுவாரா என்று யோசிக்க, அது யாருக்கான பிரசங்கம் என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

மூன்றாவதாக, "எதைக் கவனித்துச் சொல்லட்டும்?" என்று கேளுங்கள். "முடிவுரை எனக்கு எப்போதும் இழுத்துக்கொண்டே போகிறது, அதை மட்டும் பாருங்கள்" என்று அவர் சொன்னால் உங்கள் வேலை பாதி முடிந்தது. அவரே கதவைத் திறந்துவிட்டார்.

2. கேட்கும்போது: மூன்று பத்திக் குறிப்பு

ஒரு தாளை மூன்று பத்தியாகப் பிரியுங்கள். முதல் பத்தியில் நிமிடம். நடுவில் அவர் சொன்ன சொற்கள், முடிந்தவரை அப்படியே. மூன்றாவதில் அதைக் கேட்டபோது உங்களுக்குள் என்ன நடந்தது என்பது. மூன்றாவது பத்தியில் தீர்ப்பு எழுதக் கூடாது. 'முன்னுரை மோசம்' என்பது தீர்ப்பு. 'எதைப் பற்றிப் பேசப்போகிறார் என்று இன்னும் தெரியவில்லை' என்பது உங்களுக்குள் நடந்தது. முதலாவதை அவர் மறுக்கலாம். இரண்டாவதை மறுக்க வழியில்லை. உங்களுக்குத் தெரியவில்லை என்றால் தெரியவில்லைதான்.

மத்தேயு 20ஆம் அதிகாரத்துத் திராட்சத்தோட்டக் கூலியாட்களைப் பற்றி ஒரு மாணவர் பேசுவதாக வைத்துக்கொள்வோம். காலையில் வந்தவருக்கும் பொழுது சாயும் நேரத்தில், பதினோராம் மணிவேளையில், வந்தவருக்கும் ஒரே கூலி கிடைக்கிற கதை அது. தாள் இப்படி இருக்கும்:

2ஆம் நிமிடம் – "விடியற்காலையில் கடைத்தெருவில் நிற்கிறவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள்" – எங்கள் ஊர் முச்சந்தியில் தூக்குவாளியோடு நிற்கிற கொத்தனார்களும் சித்தாட்களும் கண்முன் வந்தார்கள்.

6ஆம் நிமிடம் – பனிமலை ஏறிய வெள்ளைக்காரர் கதை – கதை பிடித்தது. ஏன் சொன்னார் என்று பிடிபடவில்லை.

9ஆம் நிமிடம் – "பதினோராம் மணிவேளையில் நின்றவர்கள் சோம்பேறிகள். ஆனாலும் தேவன் அவர்களுக்குக் கிருபை காட்டினார்" – வசனம் 7?

14, 16, 19ஆம் நிமிடங்கள் – "முடிவாக" – மூன்று முறை பாட்டுப் புத்தகத்தைக் கையில் எடுத்தேன்.

இவ்வளவு போதும். இருபது நிமிடப் பிரசங்கத்துக்கு ஏழெட்டு வரிகளுக்கு மேல் எழுதினால் நீங்கள் கேட்பதை விட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம். பேசுபவரின் கண்ணும் உங்கள் பேனாவையே பார்க்க ஆரம்பித்துவிடும்.

3. வாய் திறக்கும்போது முதல் வாக்கியம்

பாராட்டில் தொடங்கி, நடுவில் குறையைச் செருகி, மறுபடியும் பாராட்டில் முடிப்பது என்று ஒரு வழக்கம் இருக்கிறது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. இரண்டாம் முறையே எல்லோருக்கும் அதன் சூட்சுமம் புரிந்துவிடும். பிறகு பாராட்டைக் கேட்டாலே அடுத்து என்ன வரப்போகிறதோ என்று வயிற்றைக் கலக்கும்.

அதற்குப் பதில், நீங்கள் கேட்டதை ஒரே வாக்கியத்தில் திருப்பிச் சொல்லுங்கள். "உழைப்புக்குத் தக்க கூலி என்ற நம் கணக்கில் தேவன் அடங்குவதில்லை என்று நீங்கள் சொன்னதாக எனக்குப் பட்டது, சரியா?" பேசியவர், "ஆமாம், அதுதான்" என்றால் அவருக்கு அதைவிடப் பெரிய பாராட்டு தேவையில்லை. "இல்லையே, நான் பொறாமையைப் பற்றியல்லவா பேசினேன்?" என்றால் இருவருக்கும் அன்றைய முக்கியமான தகவல் கிடைத்துவிட்டது. அவர் அனுப்பியதும் வந்து சேர்ந்ததும் வேறு வேறு. நான்கைந்து பேர் இப்படி ஆளுக்கு ஒரு வாக்கியம் சொல்லி, அவை ஐந்தும் ஐந்து விதமாக இருந்தால், பிரசங்கத்துக்கு மையம் இல்லை என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை.

பிறகு உயிரோடு இருந்த இடத்தைக் காட்டுங்கள். "உதாரணம் அருமை" என்பதில் உப்பில்லை. "தூக்குவாளி என்ற சொல்லை நீங்கள் சொல்லவில்லை, ஆனால் எனக்கு அது தெரிந்தது. கடைத்தெரு என்று நீங்கள் நிறுத்திய இடத்தில்" என்று சொல்லுங்கள். எது வேலை செய்தது என்று தெரிந்தால்தான் அடுத்த முறை அதை அவர் வேண்டுமென்றே செய்ய முடியும்.

4. குறையைச் சொல்லும் இடம்

ஒன்பதாம் நிமிடத்துக்கு வருவோம். கடைசியில் வந்தவர்கள் சோம்பேறிகள் என்றார். ஆனால் ஏழாம் வசனத்தில் அவர்களே காரணம் சொல்கிறார்கள்: யாரும் தங்களை வேலைக்குக் கூப்பிடவில்லை. இது சின்னப் பிழை இல்லை. வேலை கிடைக்காமல் வெயிலில் நின்ற கூலியாளை அவர் பீடத்தில் நின்றுகொண்டு சோம்பேறி என்று சொல்லிவிட்டார். அந்தச் சபையில் அன்றாடக் கூலிக்குப் போகிறவர்கள் இருந்தால், அவர்கள் அந்த வார்த்தையோடுதான் வீட்டுக்குப் போவார்கள்.

இதைச் சொல்ல இரண்டு வழிகள்.

"நீங்கள் வசனத்தையே சரியாக வாசிக்கவில்லை. நேற்று இரவுதான் தயாரித்தீர்களா?" இது அவர் மனதை மூடிவிடும். அதோடு, எப்போது தயாரித்தார் என்பது உங்களுக்குத் தெரியாது. நீங்கள் பார்க்காத ஒன்றைச் சொல்கிறீர்கள்.

"ஒன்பதாம் நிமிடம் வாக்கில் 'சோம்பேறிகள்' என்றீர்கள். அப்போது நான் ஏழாம் வசனத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்களை யாரும் கூப்பிடவில்லை என்றிருக்கிறது. அந்த வசனத்தை எப்படி எடுத்துக்கொண்டீர்கள்?" இதில் நேரம் இருக்கிறது, அவர் சொல் இருக்கிறது, வசனம் இருக்கிறது, கடைசியில் உண்மையான கேள்வி இருக்கிறது. அவரிடம் விளக்கம் இருந்தால் சொல்லட்டும். இல்லையென்றால் அவரே பைபிளைப் புரட்டுவார். புரட்டிப் பார்த்துவிட்டு, "அட, அப்படியானால் என் இரண்டாம் பகுதியே மாறுகிறதே" என்று அவர் சொல்லும்போது குறுக்கே பேசாதீர்கள். அவர் தம் பிரசங்கத்தை உங்கள் கண்முன்னே திருத்திக்கொண்டிருக்கிறார்.

குறைகள் எத்தனை தென்பட்டாலும் இரண்டுக்கு மேல் சொல்லாதீர்கள். எதை எடுப்பது? வேதபகுதிக்கும் கேட்பவர்களுக்கும் பாதகம் செய்தது முதலில். புரியவிடாமல் தடுத்தது இரண்டாவது. மூன்று முறை வந்த "முடிவாக", பனிமலைக் கதை இவற்றை அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளலாம். அவர் கேட்டிருந்தால் மட்டும் இப்போது. எல்லாக் குறையையும் ஒரே மூச்சில் கொட்டுகிறவர் தம் கூர்மையைக் காட்டிக்கொள்கிறார். எதிரில் நிற்பவருக்கு ஒன்றும் நினைவில் நிற்பதில்லை.

திருத்தத்தையும் நீங்களே எழுதிக் கொடுக்காதீர்கள். "நானாக இருந்தால் ஊதாரி மைந்தன் கதையையும் சேர்த்திருப்பேன்" என்பது உங்கள் பிரசங்கம். அதை உங்கள் முறை வரும்போது செய்யுங்கள்.

5. நியாயம் சறுக்கும் இடங்கள்

இதில்தான் நாம் அதிகம் தவறுகிறோம். பணிவாகப் பேசுவது எப்படி என்று கற்றுக்கொண்டுவிடுகிறோம். எல்லோரையும் ஒரே கோலால் அளக்கக் கற்றுக்கொள்வதில்லை.

குரலை எடுத்துக்கொள்ளுங்கள். தென்னிந்தியத் திருச்சபை பெண்களுக்குக் குருத்துவ அருட்பொழிவு அளிக்கத் தொடங்கியது 1976இல். இன்றும் ஒரு மாணவி பேசி முடித்தால் முதல் கருத்து குரலைப் பற்றியோ புடவையைப் பற்றியோதான் வருகிறது. மெதுவாகப் பேசும் ஆண் 'அமைதியானவர்', மெதுவாகப் பேசும் பெண் 'தைரியம் இல்லாதவர்'. உரக்கப் பேசினால் ஆணுக்கு 'வல்லமை', பெண்ணுக்கு 'கொஞ்சம் அதிகம்'. இதைச் சரிபார்க்க எளிய வழி உண்டு. சொல்லப்போகும் வாக்கியத்தில் பெயரை மாற்றிப் பாருங்கள். போன வாரம் பேசிய அண்ணனிடம் இதையே சொல்லியிருப்பீர்களா? சொல்லவில்லை என்றால் இந்த வாரமும் சொல்ல வேண்டாம்.

வட்டார வழக்கும் அப்படித்தான். நாஞ்சில் நாட்டு இழுவையோ கொங்குப் பேச்சோ பிரசங்கத்தில் வந்தால் வகுப்பில் சிரிப்பு எழுகிறது. கேட்பவர்களுக்குப் புரியாமல் போன சொல் எது என்று காட்ட முடிந்தால் அது கருத்து. காட்ட முடியாவிட்டால் வெறும் கேலி.

சபை மரபு இன்னொன்று. லுத்தரன் மாணவர் ஆராதனை முறைமைப் புத்தகத்தோடு வருவார், பெந்தெகொஸ்தே பின்னணி கொண்டவர் பாதிப் பிரசங்கத்தில் பாட ஆரம்பிப்பார். உங்கள் ஊர் ஆலயத்தில் அப்படிச் செய்ய மாட்டார்கள் என்பது குறை ஆகாது. அவர் எதைச் செய்ய முயன்றார், அது நிறைவேறியதா என்று அவருடைய மரபுக்குள் நின்று பாருங்கள். உபதேசத்தில் உங்களுக்கு உடன்பாடு இல்லாவிட்டால் அதையும் நேராகச் சொல்லலாம், ஆனால் தனியாகப் பிரித்து: "இது நம் இரு சபைகளுக்கும் உள்ள வேறுபாடு, உங்கள் பிரசங்கத்தின் குறையாக நான் சொல்லவில்லை."

கடைசியாக, யாரும் வகுப்பில் பேசாதது. நம் திருச்சபைகளில் சாதி இல்லை என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல ஆளில்லை. திருமண்டலத் (ஒரு பேராயரின் கீழுள்ள சபைகளின்) தேர்தலில் எதிரெதிர் அணியில் நின்றவர்களின் பிள்ளைகள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். ஒரே ஊர், ஒரே திருமண்டலம், ஒரே உறவுக்கூட்டம் என்றால் கருத்துப் படிவத்தில் நான்கு மதிப்பெண் ஐந்தாகிறது, இல்லையென்றால் மூன்றாகிறது. எவரும் வேண்டுமென்று செய்வதில்லை என்றே வைத்துக்கொண்டாலும், அந்தப் பருவத்தில் நீங்கள் எழுதிய குறிப்புத் தாள்களை ஒரு நாள் வரிசையாக வைத்துப் பாருங்கள். யாருக்கு நீளமாக, கவனமாக எழுதியிருக்கிறீர்கள்? யாருக்கு இரண்டு வரி? தாள்கள் பொய் சொல்லாது. நண்பரைக் காப்பாற்றுவதும் இதில் சேரும். நண்பரின் பிழையை வகுப்பில் விட்டுவிட்டால் அதை ஒரு ஞாயிற்றுக்கிழமை சபை மூப்பர் ஒருவர் பிடித்துக்கொள்வார்; அவர் உங்களைப் போலப் பக்குவமாகச் சொல்ல மாட்டார்.

6. எது எல்லோர் முன்னிலையில், எது தனியில்

அப்போஸ்தலர் 18ஆம் அதிகாரத்தில் அப்பொல்லோ எபேசு ஜெப ஆலயத்தில் தைரியமாகப் பேசுகிறான். ஆனால் அவனுக்குத் தெரிந்தது யோவானின் ஸ்நானம் மட்டும். ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் அவனை எழுந்து நின்று மறுக்கவில்லை. தங்களோடு சேர்த்துக்கொண்டு விளக்கிக் காட்டினார்கள். அடுத்த வசனத்திலேயே அவன் அகாயாவுக்குப் போகப் புறப்படுகிறான், சகோதரர்கள் அவனுக்காகக் கடிதம் எழுதுகிறார்கள். ஆனால் கலாத்தியர் 2ஆம் அதிகாரத்தில் அந்தியோகியாவில் பவுல் பேதுருவை எல்லாருக்கும் முன்பாகக் கேட்கிறார். ஏன் இந்த வித்தியாசம்? அப்பொல்லோ அறியாமல் குறைவாகச் சொன்னான். பேதுருவோ, அங்கே இருந்த புறஜாதி (யூதரல்லாத) விசுவாசிகளோடு சாப்பிடுவதிலிருந்து விலகி, அவர்களை ஒதுக்கிவிட்டார். காயப்பட்டவர்கள் அதே இடத்தில் இருந்தார்கள்.

இதை நம் வகுப்பறைக்கு அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். விசுவாசக் குறைவால்தான் நோய் தீரவில்லை என்று ஒருவர் பிரசங்கித்து, வகுப்பில் தாயைப் புற்றுநோயில் இழந்தவர் உட்கார்ந்திருந்தால், அதை அந்த அறையிலேயே சொல்லியாக வேண்டும். குழந்தையில்லாதவரையோ விதவையையோ கறுப்பு நிறத்தையோ வைத்து நகைச்சுவை செய்தாலும் அப்படியே. பிற்பாடு தனியே சொன்னால் காயப்பட்டவருக்கு அது போய்ச் சேராது.

உச்சரிப்பு, உடை, வியர்வை நாற்றம், பதற்றத்தில் வரும் கைநடுக்கம் இவையெல்லாம் தனியே, ஒருவரே சொல்ல வேண்டியவை. 'ழ' வராதவரை இருபது பேர் முன்னிலையில் திருத்தினால் அடுத்த முறை அவர் 'வாழ்வு' என்ற சொல்லையே தவிர்ப்பார். ஒரு பிரபலப் பிரசங்கியாரின் குரலையும் இழுப்பையும் ஒருவர் அப்படியே எடுத்துக்கொண்டு பேசுவதையும், இணையத்தில் கேட்ட செய்தியை வரிசை மாறாமல் ஒப்பிப்பதையும் கூடத் தனியேதான் கேட்க வேண்டும். குற்றஞ்சாட்டாமல், "அந்த மூன்று தலைப்புகள் எங்கே கிடைத்தன?" என்று கேளுங்கள். பெரும்பாலும் அவரே சொல்லிவிடுவார்.

அவர் இல்லாத இடத்தில் பேசுவதைப் பற்றி: 1935 முதல் 1937 வரை ஜெர்மனியில் ஃபின்கன்வால்டே என்ற இடத்தில் போன்ஹோஃபர் என்ற இறையியலாளர் ஒரு இறையியல் பயிற்சி இல்லம் நடத்தினார், பின்பு நாஜிக் காவல்துறை அதை மூடியது. அங்கே மாணவர்களுக்கு வைத்த விதி ஒன்று: இல்லாத சகோதரனைப் பற்றிப் பேசாதே, பேசிவிட்டால் அவனிடம் போய்ச் சொல்லிவிடு. முதல் பாதியை நம் விடுதிகளில் யாரும் காப்பாற்றப்போவதில்லை. இரண்டாம் பாதி மட்டும் நடைமுறைக்கு வந்தாலே சாப்பாட்டு மேசையில் பாதிப் பேச்சு குறைந்துவிடும்.

7. மூத்தவரும் இளையவரும்

மூன்றாம் ஆண்டு அண்ணனுக்கு முதலாண்டு மாணவர் குறை சொல்லலாமா? சொல்லலாம், மரியாதை சொல்லில் இருக்கட்டும், கருத்து குறைய வேண்டியதில்லை. "அண்ணன், எனக்கு ஒன்று புரியவில்லை" என்று தொடங்குவது நடிப்பாக இருக்கக் கூடாது. உண்மையிலேயே புரியாததைக் கேளுங்கள். மூத்தவர்கள் தம்பிகளிடம் செய்யும் தவறு வேறு. "உன் வயதில் நானும் இப்படித்தான்" என்று ஆரம்பித்து ஐந்து நிமிடம் தம் கதையைப் பேசிவிடுவார்கள்.

8. மருத்துவமனைச் சந்திப்பு அறிக்கை

பிரசங்கம் மட்டுமே பணி ஆகாது. 1925இல் அமெரிக்காவின் ஊஸ்டர் அரசு மனநல மருத்துவமனையில் ஆண்டன் பாய்சன் இறையியல் மாணவர்களை நோயாளிகளிடம் அனுப்பிக் கற்கவைத்தார். அங்கிருந்து வளர்ந்த மருத்துவமனை அருட்பணிப் பயிற்சி நம் நாட்டில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலும் நடக்கிறது. அந்தப் பயிற்சியில் மாணவர் நோயாளியோடு பேசியதை நினைவிலிருந்து வரிவரியாக எழுதிவந்து குழுவில் வாசிக்க வேண்டும்.

இங்கே உங்கள் வேலை எளிது, ஏனென்றால் சொற்கள் ஏற்கெனவே தாளில் இருக்கின்றன. உதாரணமாக:

நோயாளி: ராத்திரி தூக்கமே வரவில்லை, ஐயா. பிள்ளைகளை நினைத்துக்கொண்டே இருந்தேன்.
மாணவர்: கவலைப்படாதீர்கள் அம்மா, ஆண்டவர் பார்த்துக்கொள்வார். ஜெபிக்கலாமா?
நோயாளி: சரிங்க ஐயா.

"நீங்கள் அவர் பேச்சைக் கேட்கவில்லை" என்று உடனே பாயாதீர்கள். "பிள்ளைகள் என்று அவர் சொன்னபோது உங்களுக்கு என்ன தோன்றியது?" என்று கேளுங்கள். அவர் பயந்திருக்கலாம், அழுதுவிடுவாரோ, பதில் தெரியாதே என்று ஜெபத்துக்குள் ஓடியிருக்கலாம். அதை அவர் வாயால் சொன்னால், அடுத்த முறை பிள்ளைகள் எத்தனை பேர், யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்கும் தெம்பு வரும். அறிக்கையில் வரும் நோயாளியின் பெயரும் நிலையும் அந்த அறையைத் தாண்டக் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

9. மதிப்பெண் படிவம்

ஒன்று முதல் ஐந்து வரை வட்டமிடச் சொன்னால் எல்லோரும் நான்கில் போய் நிற்பார்கள். ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் ஒரு வரி ஆதாரம் எழுதுங்கள்: அவர் சொன்ன சொல், அல்லது நிமிடம். ஆதாரம் எழுத முடியாத எண்ணை வெறுமையாக விடுங்கள். பெயர் போடாமல் எழுதும் படிவமாக இருந்தாலும், பெயர் போட்டால் எழுதுவீர்களா என்று பார்த்து எழுதுங்கள்.

10. சொன்ன பிறகு

அவர் கோபப்பட்டால் வாதாடாதீர்கள். பேசி முடித்த கையோடு யாருக்கும் உடம்பு பதறிக்கொண்டுதான் இருக்கும். "யோசித்துப் பாருங்கள், நாளைக்குப் பேசுவோம்" என்று விட்டுவிட்டு, நாளைக்கு உண்மையிலேயே போய்ப் பேசுங்கள். உங்கள் குறிப்புத் தாளை அவரிடமே கொடுத்துவிடுங்கள். படம் எடுத்து வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். இதற்கு முன்பு அப்படி நடந்திருக்கிறது, நடந்த பிறகு அந்த வகுப்பில் எவரும் உண்மையைச் சொல்லவில்லை.

கருத்துக் கேட்கும் முறை உங்களுக்கு வரும்போது, பதில் சொல்லாமல் எழுதிக்கொள்ளுங்கள். புரியாவிட்டால் மட்டும் ஒரு கேள்வி: "எந்த இடத்தில்?" எந்த இடம் என்று சொல்ல முடியாத கருத்தை மரியாதையாக நன்றி சொல்லி விட்டுவிடலாம்.

அவர் மறுபடியும் பீடம் ஏறும் நாளில் புதிதாகக் குறை தேடாதீர்கள். போன முறை சொன்ன அந்த இரண்டை மட்டும் கவனியுங்கள். அவர் கேட்டு "முடிவாக" என்பதைப் பற்றி நீங்கள் சொல்லியிருந்து, இப்போது அது ஒரே ஒரு முறை வந்திருந்தால், வெளியே வரும்போது அதைச் சொல்லிவிடுங்கள்.